சாய்கோடு வரியழி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குச் செண்பகவல்லி பெட்டியின் முன்னால் உட்காரும்போது கையில் ஒரு பென்சிலும் கிழித்த காலண்டர் தாளும் இருக்கும். மகன் பேசுவதைக் கேட்கப் பென்சில் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வீட்டில் ஆளும் இல்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள். மகன் வாயில் 'அம்மா' எத்தனை தடவை வருகிறது, 'ஜெர்லி' எத்தனை தடவை வருகிறது என்று அவள் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

மகன் கோமதிநாயகம் இருந்தது வியாழன் கிரகத்தைச் சுற்றும் ஒரு பனி நிலவில். போய்ச் சேரவே பதினாலு மாதம், அதுவும் உறக்கப் பெட்டியில். அங்கே பனிக்கட்டியைத் துளைத்து அடியில் கிடக்கும் தண்ணீரை எடுக்கும் வேலை. ஒரு வருஷ ஒப்பந்தம். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் அலைக்குக் குரலைச் சுமந்து வரத் தெம்பு கிடையாது, எழுத்தைத்தான் கொண்டுவரும். வாரத்துக்கு ஒரு கடிதம். அதைப் படித்து மகன் குரலிலேயே பேசிக்காட்ட வீட்டில் ஒரு பெட்டி. ஓர் ஆளுக்கு இரண்டு பெட்டிகளுக்குத்தான் அனுமதி. ஒன்று கோவில்பட்டியில் அம்மாவிடம், இன்னொன்று தூத்துக்குடியில் மனைவி ஜெர்லினிடம். இரண்டுக்கும் போவது ஒரே கடிதம்.

ஒரே கடிதம்தான் என்று மருமகள் பல தடவை சொல்லியிருந்தாள். செண்பகவல்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெண்டாட்டிக்கும் தாய்க்கும் ஒரே கடிதம் எழுதுகிற ஆண்பிள்ளையை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பெட்டி விஷயத்திலேயே அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கம்பெனி கொடுத்த பளபளப்பான புதுப்பெட்டி ஜெர்லின் வீட்டுக்குப் போயிற்று. அம்மாவுக்கு என்று நாயகம் எங்கேயோ பழைய சாமான் கடையில் தேடி ஒரே மாதிரி இரண்டு பழம்பெட்டிகளை வாங்கிவந்தான். ஒன்றை அம்மாவின் மேஜையில் வைத்தான், இன்னொன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். போகிற அன்று மேஜையைத் தட்டிச் சொன்னான்: "அம்மா, இது உங்கள மாதிரி. எழுதியிருக்கிறத ஒண்ணு விடாம வாசிச்சிரும். யாரு என்ன சொன்னாலும் இத மாத்தாதீங்க."

உங்களை மாதிரி என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. செண்பகவல்லி கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி அறிவிப்பவள். அவளை நிறுத்திவிட்டு மூன்று தடவை மெஷின் வைத்துப் பார்த்தார்கள். மூன்று மெஷினும் திருச்செந்தூர் வண்டியைத் தேனிக்கு அனுப்பிவைத்ததால், நான்காவது தடவை வீடு தேடி வந்து அவளையே கூட்டிப்போனார்கள். தாளில் இருப்பதை அட்சரம் பிசகாமல் வாசிப்பாள். எவ்வளவு பிசகாமல் என்றால், ஒரு நாள் கண்டக்டர் ஒரு வரியை எழுதி அடித்துவிட்டு அடுத்த வரியை எழுதிக் கொடுக்க, "ஐந்து மணி எட்டயபுரம் வண்டி, அடித்திருக்கிறது, ஐந்தரை மணி விளாத்திகுளம் வண்டி" என்று மைக்கில் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நாயகம் வருஷக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்தான்.

அதனால் பெட்டி தன்னை மாதிரி என்று அவன் சொன்னதை அவள் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுசு பெண்டாட்டிக்கு, பழசு பெற்றவளுக்கு, கூடவே ஒரு கேலி. அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டி பேசியதும் சகிக்கவில்லை. குரல் நாயகத்தின் குரல்தான். ஆனால் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஏற்றம் இறக்கம் இல்லாமல் பேசும். நடுநடுவே குப்பை வேறு. "அம்மா நல்லா இருக்கீங்களா சாய்கோடு சிரி முட்டி வலி எப்படி இருக்கு சாய்கோடு மெல்ல ஜெர்லி ஷைனி நடக்க ஆரம்பிச்சிட்டாளா" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும். சில சமயம் முன்னுக்குப் பின் முரணாகவும் உளறும். "அம்மா தூக்கமே வரமாட்டேங்குது சாய்கோடு வரியழி நான் நல்லாத் தூங்குதேன்" என்றது ஒரு வாரம். "அம்மா சோத்தை வாயில வைக்க முடியல சாய்கோடு வரியழி சாப்பாடு பிரமாதம்" என்றது இன்னொரு வாரம். பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று செண்பகவல்லி பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள். இரண்டாவதாகச் சொன்னதையே எப்போதும் எடுத்துக்கொண்டாள். மகன் நன்றாகத் தூங்குகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். அதற்குப் பிறகு அவள் கவனமெல்லாம் பென்சிலில்தான் இருந்தது. அம்மா ஒன்பது, ஜெர்லி ஐந்து. அது ஒன்றுதான் அந்தப் பெட்டியால் அவளுக்குக் கிடைத்த ஆறுதல்.

பேத்தி ஷைனியின் இரண்டாவது பிறந்தநாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. கேக் வெட்டத் தூத்துக்குடி போனாள். ஏழு மணிக்கு ஜெர்லின் வீட்டுப் புதுப்பெட்டி பேசத் தொடங்கியதும் செண்பகவல்லி கேக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

நாயகம் அறைக்குள் வந்து நிற்பது போல இருந்தது. "அம்மா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டபோது குரலில் அவனுடைய பழைய குறும்பு இருந்தது. சிரித்தான். நிஜமான சிரிப்பு, கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் வருமே, அதுவும் இருந்தது. பிறகு குரல் தணிந்தது. "ஜெர்லி" என்றான். அந்தப் பெயரை அவன் சொன்ன விதத்தில் செண்பகவல்லிக்குக் காது மடல் சுட்டது. மகன் மனைவியிடம் தனியாகப் பேசுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டது போல் கூசியது. கூசினாலும் எழுந்து போகவில்லை, கடைசிச் சொல் வரை உட்கார்ந்து கேட்டாள்.

"எனக்கு வருததுல இந்தச் சிரிப்பு இல்லையே" என்றாள் கடைசியில்.

ஜெர்லின் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தாள். பொறுமையாக விளக்கினாள். கடிதம் ஒன்றேதான். எழுத்தை மட்டும் அனுப்புவதால் சிரிப்பு, தயக்கம், குரலைத் தணிப்பது எல்லாவற்றையும் குறியாகப் போட்டு அனுப்புகிறார்கள்.

"ஒரு சொல்லுக்கு முன்னால சாய்கோடு வந்தா, அது வாசிக்கதுக்கு இல்ல அத்தை, செய்யதுக்கு. சாய்கோடு சிரின்னா சிரிக்கணும். இந்தப் பெட்டி குறியப் பாத்தா அதுக்குக் கட்டுப்படும். உங்க பெட்டி அதையும் ஒரு எழுத்தா நெனச்சு வாசிச்சிருது."

"அப்ப என் பெட்டி கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. கம்ப்யூட்டர்ல நாம தட்டுத கட்டளைய வாங்கிச் செய்யுத ஷெல்லுலயும் ஆதியிலேருந்தே இதே கூத்துதான். ஒரே வரிய ரெண்டு ஷெல்லுல அச்சடிக்கச் சொன்னா, ஒண்ணு சாய்கோட்டப் பாத்ததும் வரிய ஒடிச்சுக் கீழ போடும். இன்னொண்ணு சாய்கோட்டையும் சேத்துத் துப்பிரும். ரெண்டும் சரிதான். ஆரம்பத்துல யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணல, அவ்வளவுதான். உங்க பெட்டியிலயும் ஒரு சுவிட்சு இருக்கும், அடுத்த வாட்டி கொண்டு வாங்க, மாத்தித் தாரேன்."

அடுத்த வாட்டி வரை செண்பகவல்லியால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே லீவு போட்டுப் பெட்டியைப் பையில் சுமந்துகொண்டு பஸ் ஏறினாள். ஜெர்லின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். சுவிட்ச் இருந்தது. அதன் மேல் நாயகம் ஈயத்தை உருக்கி ஊற்றி அசைக்க முடியாமல் பண்ணியிருந்தான். ஏன் இப்படிச் செய்தார் என்று அவளுக்கும் புரியவில்லை.

செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. தனக்குச் சிரிப்பு வரக் கூடாது என்று ஈயம் ஊற்றி அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் கேட்டது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்துதான் கேட்டாள். நீ சின்னவள், கூடப் பிள்ளை இருக்கிறது, அவன் வந்ததும் உன்னோடுதான் இருக்கப்போகிறான், நான் ஒற்றை ஆள், என் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று, பெட்டியை மாற்றிக்கொள்வோம். சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை, ஆனால் கொஞ்சம் தோதாக வந்த கண்ணீர்.

ஷைனி புதுப்பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். பிள்ளைக்கு அப்பா என்றால் அந்தப் பெட்டிதான். ஜெர்லின் மெதுவாகப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க அத்தை" என்றாள்.

அடுத்த செவ்வாய் முதல் கோவில்பட்டி வீட்டில் நாயகம் சிரித்தான். செண்பகவல்லி முதல் வாரம் அழுதாள். இரண்டாவது வாரம் கூடவே சிரித்தாள். மூன்றாவது வாரம் பென்சிலை எடுத்தாள்.

அம்மா நான்கு, ஜெர்லி ஐந்து.

அடுத்த வாரம் அம்மா மூன்று. அதற்கடுத்த வாரமும் மூன்று. பழைய பெட்டியில் ஒன்பதும் பத்தும் வந்த பெயர் புதுப்பெட்டியில் பாதிகூட இல்லை. ஜெர்லி மட்டும் அதே ஐந்து. அதோடு அந்த ஐந்தையும் இப்போது அவள் அவன் குழைவோடு கேட்க வேண்டியிருந்தது. பழைய பெட்டி மருமகள் பெயரையும் வண்டி நேரம் மாதிரிதான் வாசிக்கும், அதில் ஒரு சமத்துவம் இருந்தது. இங்கே அவள் ஆசைப்பட்டு வாங்கிவந்த இனிமையில் பெரும்பங்கு இன்னொருத்திக்கு என்று காதாலேயே கேட்டாள். மகன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மறக்கிறான் என்று முடிவு கட்டினாள். ஜெர்லின்தான் பதில் கடிதத்தில் ஏதோ ஓதுகிறாள் என்று கரித்துக்கொட்டினாள். வாரத்துக்கு நாற்பது சொல்தான் பதில் அனுப்பலாம், ஒரு வாரம் இவள், ஒரு வாரம் அவள் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த நாற்பது சொல்லில் என்னத்தை ஓத முடியும் என்று அவள் யோசிக்கவில்லை.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது.

"அம்மா, ஜெர்லி, கம்பெனி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுது. எனக்கு முழுச் சம்மதம். இங்க ராஜா மாதிரி இருக்கேன்" என்று பெட்டி சிரித்தது. "சம்மதப் பாரம் ரெண்டு வீட்டுக்கும் வரும். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க."

அங்கே ஆட்களிடம் கையெழுத்து வாங்குவது கம்பெனிக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் வீட்டில் தாயும் துணையும் சம்மதிக்காமல் ஒருவரையும் கூடுதல் காலம் நிறுத்திவைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. இரண்டு கையெழுத்தும் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

மகனை இன்னும் இரண்டு வருஷம் பார்க்க முடியாது என்பது செண்பகவல்லிக்குக் கசந்தது. ஆனாலும் அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. அதோடு, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், இன்னொரு கணக்கும் உள்ளே ஓடியது. அவன் கேட்டதும் முதலில் செய்தவள் யாராக இருக்க வேண்டும்? புதன்கிழமை காலையில் பாரம் வந்ததும் நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டு, அதைக் கொண்டுவந்த கம்பெனி ஆளிடமே கொடுத்தனுப்பினாள். பிறகுதான் ஜெர்லினுக்குப் போன் செய்தாள்.

ஜெர்லின் போடவில்லை. போடவும் போவதில்லையாம். "நேர்ல வாங்க அத்தை, போன்ல வேண்டாம்" என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் போகும்போது செண்பகவல்லி பேச வேண்டியதையெல்லாம் அடுக்கிக்கொண்டாள். உனக்குப் புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும், என் மகனுடைய விருப்பம் உனக்குப் பெரிசில்லை. என் முன்னால் போடு, நானே கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றும் முன்னே அதில் பாதியைச் சொல்லிவிட்டாள்.

ஜெர்லின் அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"நீங்க போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு. அவன் கேட்டான், போட்டேன்."

"எப்படி அத்தை மனசு வந்துச்சு? உங்களுக்கு எல்லாந் தெரியும்லா?"

"என்ன தெரியும்?"

ஜெர்லின் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாமியார் நடிக்கிறாளா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு மேஜையிலிருந்த பழைய பெட்டியை இழுத்து, நேற்றைய கடிதத்தை மறுபடி ஓடவிட்டாள். ஏற்றம் இறக்கம் இல்லாத குரல் வாசித்தது.

"அம்மா போடாதீங்க மூச்சு விட முடியல துளைக்கும்போது வர்ற தூசி நெஞ்சுல படியுது ரெண்டு பேரு போயிட்டாங்க வெளிய சொல்ல விடமாட்டேங்காங்க அம்மா எப்படியாவது நிறுத்துங்க ஜெர்லிகிட்ட சொல்லாதீங்க அவ தாங்கமாட்டா சாய்கோடு வரியழி அம்மா ஜெர்லி கம்பெனி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லுது எனக்கு முழுச் சம்மதம் இங்க ராஜா மாதிரி இருக்கேன் சாய்கோடு சிரி"

தரையில் விளையாடிக்கொண்டிருந்த ஷைனி தலையைத் தூக்கிக் கலகலவென்று சிரித்தாள். மூன்று மாதமாக அந்தப் பெட்டியோடு இருந்து பிள்ளை பழகிவிட்டது. சாய்கோடு சிரி என்று பெட்டி சொன்னால் அது சிரிக்கும்.

செண்பகவல்லி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"வரியழின்னா, அதுக்கு முன்னால உள்ள வரிய அழிச்சிரணும்னு அர்த்தம்" என்றாள் ஜெர்லின். "புதுப்பெட்டி கட்டுப்படும், அழிச்சிரும். உங்களுக்குச் சத்தமே கேக்காது. அங்க கடிதத்தப் படிச்சுப் பாத்து அனுப்புத அதிகாரி மெஷினும் அப்படித்தான். இந்தப் பெட்டிதான் கட்டுப்படாது. அடிச்சதையும் வாசிச்சிரும்."

அடித்ததையும் வாசிக்கும். செண்பகவல்லிக்குப் பஸ் ஸ்டாண்ட் மைக் நினைவுக்கு வந்தது. உங்களை மாதிரி என்றானே. ஈயம் ஊற்றி அடைத்தானே. எட்டு மாதம், வாரா வாரம், தூக்கம் வரவில்லை என்றும் சோறு இறங்கவில்லை என்றும் மகன் சொன்னதை இந்தக் காதால்தான் கேட்டாள். கேட்டுக்கொண்டே அதில் 'அம்மா' எத்தனை என்று கோடு போட்டாள். புதுப்பெட்டியில் காணாமல் போன 'அம்மா' எல்லாம் எங்கே போயின என்று இப்போது தெரிந்தது.

"மூணு மாசமா நீ கேட்டுக்கிட்டிருக்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே ஏட்டி."

"உங்களுக்கு அதுக்கு முன்னால எட்டு மாசமாத் தெரியும்னு நெனச்சேன். தெரிஞ்சே எங்கிட்ட மறைச்சீங்கன்னு நெனச்சேன். கேக்கப் பொறுக்காமத்தான் பெட்டிய எங்கிட்ட தள்ளிட்டீங்கன்னு நெனச்சேன்." ஜெர்லின் குரல் முதன்முறையாக உடைந்தது. "ராத்திரி பகலா இதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன் அத்தை. எனக்குச் சிரிப்பு மட்டும் அனுப்பிருக்காரு. வலிய உங்களுக்கு அனுப்பிருக்காரு. நான் தாங்கமாட்டேனாம். அவரு பொண்டாட்டி நானு, அவரு நெஞ்சு வலிக்கது எனக்குத் தெரியக் கூடாதாம். உங்க மேல அப்படி ஒரு பொறாமை. அதுதான் சொல்லல."

சிரிப்பு கிடைக்கவில்லை என்று ஒருத்தி வெந்துகொண்டிருக்க, வலி கிடைக்கவில்லை என்று இன்னொருத்தி வெந்துகொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவே அந்தப் பையன் பனித்தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. ஜெர்லின் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனி ஆள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான், மூன்றாவது தடவை அவளுடைய பிரின்சிபாலையே பார்த்துப் பேசினான். அவள் அசையவில்லை. ஒரு கையெழுத்து குறைந்ததால் நாயகத்தை அடுத்த கப்பலில் திருப்பி அனுப்புவதாகக் கடிதம் வந்தது.

அன்றிலிருந்து செண்பகவல்லி செவ்வாய்க்கிழமைகளில் புதுப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிடுவாள். இரண்டு பெட்டியும் ஒரே மேஜையில் இருக்கும். முதலில் புதுசை ஓடவிடுவார்கள், பிறகு பழசை.

அப்படி வந்த முதல் செவ்வாய் புதுப்பெட்டி உற்சாகமாகப் பேசியது. கம்பெனி அனுப்பிவிடுகிறதாம், வருத்தம்தானாம், ஷைனிக்கு என்ன கொண்டுவர வேண்டுமாம். அது முடிந்ததும் பழைய பெட்டி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், வாசித்தது.

"அம்மா நீங்க நிறுத்திட்டீங்க எனக்குத் தெரியும் ஜெர்லி நான் கேட்டா எதையும் செய்வா அவ போட்டிருப்பா நீங்கதான் என்னக் காப்பாத்துனீங்க அம்மா சாய்கோடு வரியழி"

ஜெர்லின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

செண்பகவல்லிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு வருஷமாக எந்தச் சொல்லுக்காகப் பென்சிலோடு உட்கார்ந்தாளோ, அந்தச் சொல் வந்துவிட்டது. பெண்டாட்டி இல்லை, நீங்கதான். அது தன்னுடையது இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அடுக்களையில் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் இல்லை.

பதில் எழுதுகிற முறை அந்த வாரம் அவளுடையது. நாற்பது சொல். விசைப்பலகையை இழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

நாயகம், கையெழுத்துப் போட்டது நான். போடாதது ஜெர்லின். உன்னைக் காப்பாற்றியது அவள்.

எழுதியதைப் பார்த்தாள். இது போனால் அவன் மனதில் தான் எந்த இடத்துக்கு இறங்குவோம் என்று பார்த்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து மூச்சுத் திணறிக்கொண்டு கேட்ட பிள்ளை. அவன் போடாதே என்ற பாரத்தில் இவள் கையெழுத்துப் போட்டாள். அதை அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை. கடைசியில் மகனிடமிருந்தே கற்றுக்கொண்டதைச் செய்தாள். அந்த வரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு, வரியழி என்று தட்டினாள். அதற்குப் பிறகு, நாங்கள் எல்லாரும் நலம், பத்திரமாக வா என்று எழுதினாள்.

ஜெர்லின் முந்தானையில் கை துடைத்தபடி வந்து திரையைப் பார்த்தாள். முழுவதையும் படித்தாள் என்பது அவள் கண் போன போக்கில் தெரிந்தது. வரியழி என்ற இடத்தில் கண் நின்றது. அங்கே அவன் பெட்டி அதை அழித்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரியும்.

"அனுப்பட்டுமா அத்தை?" என்றாள்.

"அனுப்பு."

அந்த ஒரு வாரம் செண்பகவல்லிக்கு நல்ல தூக்கம் இல்லை. மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்: எழுதியாயிற்று, மறைக்கவில்லை, மெஷின் அழித்தால் நான் என்ன செய்ய. பஸ் ஸ்டாண்டில் அவள் வாசித்த வண்டி நேரங்களில் அந்த வாரம் இரண்டு பிசகின. இருபது வருஷத்தில் பிசகியது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணி. உறக்கப் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் நாயகம் அனுப்பும் கடைசிக் கடிதம். புதுப்பெட்டி சுருக்கமாக முடித்துக்கொண்டது. "அம்மா, ஜெர்லி, ஷைனி, நாளைக்கு ஏறுதேன். போய்த் தூங்கி எந்திரிச்சா வீடு" என்று சிரித்தது.

ஜெர்லின் பழைய பெட்டியின் விசையை அழுத்தினாள்.

"அம்மா என் பெட்டியும் உங்க பெட்டி மாதிரிதான் ஒரே கடையில வாங்குனது அடிச்சதையும் வாசிச்சிருச்சு ஜெர்லி நீயும் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு இப்பத்தான் தெரியுது நீ தாங்கமாட்டன்னு நெனச்சேன் தப்பு அம்மாவ ஒண்ணும் சொல்லிராத சாய்கோடு வரியழி அம்மா ஜெர்லி ஷைனி நாளைக்கு ஏறுதேன் போய்த் தூங்கி எந்திரிச்சா வீடு சாய்கோடு சிரி"

ஷைனி சிரித்தாள்.

செண்பகவல்லி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. ஊருக்கே கேட்கும் மைக்கில் தன்னுடைய அடித்த வரியைத் தானே வாசித்துவிட்ட மாதிரி இருந்தது. மருமகள் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லாமல் மடியிலிருந்த காலண்டர் தாளைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கோடு போட்டிருந்தாள். அம்மா மூன்று. ஜெர்லி இரண்டு. அந்த நிலைமையிலும் அவளுக்கு அது கண்ணில் பட்டது. பட்டதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஜெர்லின் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். என்ன கோடு என்று கேட்கவில்லை. "இன்னொரு வாட்டி போடட்டுமா அத்தை?" என்றாள். அவள் கை புதுப்பெட்டியின் பக்கம் போயிற்று.

"அது வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. "பழசையே போடு."